வர்த்தக ஊழியரும் தொழிற்சங்கமும்: கண்டி நகரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழிலக்கியம் வணிகரை நன்கு அறியும். புகார் நகர வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. சிலப்பதிகாரத்தின் தலைமக்கள் இருவரும் வணிகக் குடியிற் பிறந்தோர். வாணிகம் செய்வார்க்குரிய அறத்தை வள்ளுவரும் எடுத்துரைத்தார். ஆயின் அவ்வணிகருக்காக மூட்டை சுமந்தவனும், அளந்து கொடுத்தவனும், கணக்கெழுதியவனும் நமது இலக்கியப் பரப்பிற் பெயரற்றவராகவே நின்றுவிட்டனர். ஐம்பதுகளின் பின்னர் வளர்ச்சியுற்ற ஈழத்து முற்போக்கு இலக்கியம் கூலி விவசாயியையும், ஒடுக்கப்பட்ட சாதியினரையும், தோட்டத் தொழிலாளியையும் கதைமாந்தராக்கிற்று. அக்காலத்திலும் கடைச் சிப்பந்தி பெரும்பாலும் வந்துபோகும் பாத்திரமாகவே இருந்தான்.

இலக்கியத்தில் மாத்திரமன்றி வரலாற்றெழுத்திலும் இக்குறைபாடு உண்டு. இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றிப் பேசுவோர் துறைமுகம், புகையிரதம், தோட்டம் ஆகியவற்றையே முதன்மைப்படுத்துவர். அது நியாயமானதே. எனினும், நாட்டின் நீண்ட ஆயுளுடைய தொழிற்சங்கங்களுள் ஒன்று வர்த்தக ஊழியரிடையே தோன்றியது என்பது மனங்கொளத்தக்கது. 1928இல் உருவாகி, இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம் எனவும் சுருக்கமாக சீ.எம்.யூ. எனவும் வழங்கிய அவ்வமைப்பின் வரலாற்றையும் நோக்கத்தையும் கண்டி நகரின் கடைத்தெருக்களில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கொழும்பிலே பிறந்து வளர்ந்த ஒரு சங்கத்தைக் கண்டியிலிருந்து நோக்குவானேன் என்று கேட்கப்படலாம். ஒரு சங்கத்தின் சாதனைகளை அது வலுவுடன் நின்ற இடத்திற் காணலாம். அதன் தேவையை உணர்வதற்கோ அது எளிதிற் சென்றடைய முடியாத இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். கண்டிக் கடைத்தெரு அத்தகையதோர் இடம் என்பது எமது கருத்து.

2

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. தொடர்ந்து கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியது. 1867இற் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராகச் செய்கைபண்ணத் தொடங்கினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரசரின் தலைநகராக விளங்கிய கண்டி இவ்வாறு பெருந்தோட்டங்களின் சந்தை நகரமாக மாறியது.

இம்மாற்றம் இருவகை வர்த்தகத்தை நகரிற் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருபுறம், துரைமாருக்கு வேண்டிய பொருட்களை விற்ற ஐரோப்பிய நிறுவனங்களும், கொழும்பிலிருந்து தோட்டங்களை நிருவகித்த முகவர் கம்பனிகளின் தொடர்புகளும் இருந்தன. மறுபுறம், தோட்டத்திற்கு அரிசியும் புடைவையும் அனுப்பிய உள்ளூர்ச் சந்தை இருந்தது. செட்டிமார், கரையோரச் சோனகர், போரா வணிகர், யாழ்ப்பாணத்தவர், கரைநாட்டுச் சிங்களவர் எனப் பல திசைகளிலிருந்து வந்தோர் இச்சந்தையை உருவாக்கினர்.

இருவகை வர்த்தகமும் இருவகை ஊழியரைத் தோற்றுவித்தன. கம்பனிக் காரியாலயத்தில் எழுதுவினைஞர் இருந்தார். ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, மாதச் சம்பளம் பெற்று, பல எழுதுவினைஞருடன் ஒரே கூரையின் கீழ் அவர் பணிபுரிந்தார். கடையிலே சிப்பந்தி இருந்தான். அவனது நிலைமை முற்றிலும் வேறானது. புடைவைக்கடைச் சிப்பந்தி ஒருவனை வகைமாதிரியாகக் கொள்வோம். முதலாளியின் ஊரவனாகவோ உறவினனாகவோ இளவயதில் அவன் அழைத்து வரப்பட்டான். கடையிலேயே உண்டான், கடையடைத்த பின் துணிக்கட்டுகளின் நடுவே உறங்கினான். அவனது சம்பளம் முதலாளியின் பேரேட்டிற் பற்றும் வரவுமாகக் கிடந்து, ஊருக்குப் போகும்போது தீர்க்கப்பட்டது. வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் முதலாளியே வகுத்தார். 'அண்ணாச்சி' என்றோ 'மாமா' என்றோ 'நானா' என்றோ அவன் அவரை அழைத்தான். உறவுமுறைச் சொல் ஒன்று உழைப்புறவை மூடிநின்றது.

வெறும் ஏமாற்றென்று இவ்வுறவினைத் தள்ளிவிடலாகாது. நோயுற்றபோது மருந்துக்கும், தங்கையின் கலியாணத்திற்கும் முதலாளியிடமே சிப்பந்தி கையேந்தினான். முதலாளியும் பலவேளை கொடுத்தார். அவ்வாறு பெற்றது உரிமையாகாமல் தயவாகவே இருந்தது என்பதிலேயே அதன் விலை அடங்கியிருந்தது. தயவு பெற்றவன் கணக்குக் கேட்கத் தயங்குவான்.

3

கடைத்தெருவின் இவ்வமைப்புக்கு அரசியல் விளைவு ஒன்றும் உண்டு. 1915 மே 28ஆந் திகதி, வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதியிலே பள்ளிவாசல் ஒன்றின் முன் எழுந்த மோதல், சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம் வணிகரின் கடைகள் சூறையாடப்பட்டன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. இக்கலவரத்தின் பொருளாதாரக் காரணிகளைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். யுத்தகால விலையேற்றத்தாலும் வணிகப் போட்டியாலும் விளைந்த குமுறல், இனத்தையும் மதத்தையும் இலக்காகக் கொண்டது. தன்னைப் பிழியும் பொருளாதார அமைப்பைக் காணமுடியாதவன் தன் கண்முன் நின்ற கடைக்காரனின் தொப்பியைக் கண்டான்.

அவ்வேளை சிறையிடப்பட்டோருள் ஏ.ஈ. குணசிங்கவும் ஒருவர். 1891 மே முதலாந் திகதி கண்டியிற் பிறந்து, தர்மராஜாக் கல்லூரியிற் கற்ற அவரே, பின்னர் இலங்கையின் நகர்ப்புறத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் பெருந் தலைவரானார். அதற்கு முன்னரும் தொழிலாளர் கிளர்ச்சிகள் இடம்பெற்றதுண்டு. 1893இல் எச்.டபிள்யூ. கேவ் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர்; அதன் வழியே அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒன்று தோன்றியது. எனினும் தொடர்ச்சியான இயக்கம் 1922இல் குணசிங்க நிறுவிய இலங்கைத் தொழிலாளர் சங்கத்துடனேயே தொடங்குகின்றது. 1923இன் பொது வேலைநிறுத்தமும், 1927இன் துறைமுக வேலைநிறுத்தமும் சிங்களவரையும் தமிழரையும் முஸ்லிம்களையும் மலையாளிகளையும் ஒரே அணியில் நிறுத்தின. 1928இல் அகில இலங்கைத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவாயிற்று. அதே ஆண்டிலேயே வர்த்தகக் கம்பனிகளின் எழுதுவினைஞரும் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். முதலாளிமாரும் வாளாவிருந்தாரல்லர். 1929இல் இலங்கைத் தொழில்கொள்வோர் சம்மேளனத்தை அமைத்தனர். அவ்வாண்டு கொழும்பு டிராம் வண்டி வேலைநிறுத்தத்தின் பின்னர், சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கக் காங்கிரசுக்குமிடையே கூட்டு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய தரப்பாக முதலாளி வர்க்கம் ஏற்றுக்கொண்டமையே அதன் முக்கியத்துவமாகும்.

ஆனால் உலகப் பொருளாதார மந்தம் முப்பதுகளில் வேலையின்மையைப் பெருக்கியபோது இவ்வொற்றுமை குலைந்தது. மலையாளத் தொழிலாளரே சிங்களவரின் வேலையைப் பறிப்பவர் என்ற பிரசாரத்தைக் குணசிங்க முன்னெடுத்தார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்து நிற்க, கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அதற்குத் தலைமை தாங்கினர். இறுதியில் டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்திலே குணசிங்க அமைச்சரானார். கண்டியிற் பிறந்து, 1915இற் சிறைசென்று, 1927இற் பல இனத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய ஒருவரின் இப்பரிணாமத்தைத் தனிமனிதரின் குணக்கேடாகக் கொள்ளுதல் மேலோட்டமானது. பொருளாதார நெருக்கடியின்போது வர்க்க ஒற்றுமையின் இடத்தில் இன உணர்வு வந்தமருமாயின், மிகச் சிறந்த தலைவனையும் இயக்கம் இழந்துவிடும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினையாகும்.

4

வர்த்தக ஊழியர் சங்கம் வேறு வழியிற் சென்றது. 1948 பெப்ரவரியில், நாடு சுதந்திரம் பெற்ற அதே மாதத்தில், பாலா தம்பு அதன் பொதுச் செயலாளராகத் தெரிவானார். 1922இல் நாகபட்டினத்திற் பிறந்த தமிழரான அவர், பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட விவசாயத் திணைக்களத்தின் விரிவுரையாளராயிருந்தவர். 1947இன் பொது வேலைநிறுத்தத்திற் பங்குபற்றியமைக்காகப் பதவி நீக்கப்பட்டவர். அவ்வேலைநிறுத்தத்தின்போதுதான், யூன் 5ஆந் திகதி, அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி தெமட்டகொடையிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

காலப் பொருத்தத்தை நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. பாராளுமன்றம் இனவழியில் மக்களைப் பிரித்த அதே ஆண்டில், சிங்களவரைப் பெரும்பான்மையாகக் கொண்ட நாட்டின் தொழிற்சங்கமொன்று தமிழர் ஒருவரைத் தனது செயலாளராக்கியது. 2014 செப்டெம்பர் முதலாந் திகதி இறக்கும்வரை, 66 ஆண்டுகள் அவர் அப்பதவியை வகித்தார். 1956இல் சிங்களம் மாத்திரம் சட்டம் வந்தபோதும், 1983இலும் அவரை உறுப்பினர் அகற்றவில்லை. நீண்டகாலம் ஒருவரே தலைமை தாங்குவது உட்கட்சி ஜனநாயகத்திற்கு உகந்ததா என்பது தனியே விவாதிக்கத்தக்கது. இனத்தைக் கடந்த நம்பிக்கை தொழிற்சங்கத்தில் இயலுமானது என்பதற்கு அது சான்றாகும் என்பதை யாரும் மறுத்தற்கில்லை.

இக்காலப் பகுதியிற் சங்கத்தின் உள்ளடக்கமும் மாறியது. எழுதுவினைஞரின் சங்கமாகத் தொடங்கியது காலப்போக்கில் களஞ்சியத் தொழிலாளர், சாரதிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டது. வர்த்தக, கைத்தொழில், பொதுத் தொழிலாளர் சங்கம் எனப் பெயரும் விரிவடைந்தது. மேசையில் இருந்து எழுதுபவரும் மூட்டை சுமப்பவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினராயினர். 'கனவான்' என்ற போலி மதிப்பில் மயங்கிய நடுத்தர வர்க்கத்தினர்க்கு இது சிறிய அடிவைப்பன்று.

அரசியற் கட்சிகளுடனான உறவும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. 1963இல் தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளின் அடிப்படையில் ஒன்றுபட்டன. மறு ஆண்டு யூன் மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர, அவ்வொற்றுமை சிதைந்தது. பாலா தம்பு கூட்டரசாங்கக் கொள்கையை எதிர்த்துக் கட்சியிலிருந்து பிரிந்தோருள் ஒருவர். சங்கமும் கட்சியின் வழியே அரசாங்கப் பக்கஞ் செல்லாது சுதந்திரமாக நின்றது. இதனால் அதற்கு அரசியற் செல்வாக்குக் குறைந்தது. உறுப்பினரின் நம்பிக்கை எஞ்சியது.

5

இத்தகைய சங்கத்தின் நோக்கம் யாது? சம்பள உயர்வு, விடுமுறை, வேலைநேரம் என்பன உடனடி நோக்கங்கள். அவற்றின் அடியிலுள்ள கோட்பாட்டுப் பிரச்சினையை மூலதனத்தின் மூன்றாந் தொகுதியில், வர்த்தக இலாபம் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் ஆராய்கின்றார். வர்த்தக ஊழியன் உபரி மதிப்பை நேரடியாக உற்பத்தி செய்வதில்லை. எனினும் அவனது கூலி கொடாத உழைப்பே, பிறவிடத்து உற்பத்தியான உபரி மதிப்பிற் பங்கு பெறுவதற்கு வணிக முதலாளிக்கு உதவுகின்றது. ஹேவாஹெட்டையிற் கொழுந்து பறித்தவளின் உழைப்புக்கும், கண்டியிற் புடைவை கிழித்துக் கொடுத்தவனின் உழைப்புக்கும் இடையேயுள்ள தொடர்பு இதனால் விளக்கம் பெறும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதச் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்திற் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் 16 சதம் கிடைத்திருப்பின் அதன் ஒரு பகுதி எந்தக் கடைத்தெருவுக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டமும் கடையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

பொதுக் கல்வி பரவப் பரவ, வர்த்தக ஊழியனின் அறிவு சிறப்புரிமையாக இராது, அவனது கூலியும் தாழும் என்றும் மார்க்ஸ் அதே இடத்திற் கூறுகின்றார். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஒரு சிலருக்கே உரித்தாயிருந்த எழுத்தறிவும் கணக்கறிவும் பொதுவுடைமையாயின. அது பெருஞ் சமூக முன்னேற்றம். அதே வேளை, கல்வியை மாத்திரம் நம்பித் தன் நிலையைக் காத்துக்கொள்ள எழுதுவினைஞரால் இனி இயலாது. அமைப்பாகத் திரள்வதே எஞ்சிய பாதுகாப்பு.

சங்கத்தின் மறு நோக்கம் தயவை உரிமையாக மாற்றுதல் ஆகும். தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தமும் உலகளாவிய நியமங்களும் சேர்ந்து சட்டங்கள் சிலவற்றைத் தந்தன. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைநேரத்தை வரையறுத்தது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வையும் வருடாந்த விடுமுறையையும் வழங்கியது. 1957இன் திருத்தத்தின் மூலம் தொழில் நியாய சபைகள் தோன்றின. வேலைநீக்கஞ் செய்யப்பட்டவர் தாமாகவோ, தமது சங்கத்தின் வாயிலாகவோ அங்கு முறையிடலாம். 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. பேரேட்டின் ஓரத்தில் முதலாளி எழுதிவைத்த வரவு, அரசின் பதிவேட்டில் ஊழியரின் பெயரில் ஏறியது.

6

ஆயினும் சட்டம் கடைவாசலிலேயே நின்றுவிடுவதும் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், தொழில் ஆணையாளரின் அனுமதியோ ஊழியரின் சம்மதமோ இன்றி ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கின்றது. 15 பேருக்குக் குறைந்த ஊழியருடைய நிறுவனங்களுக்கு அது ஏற்புடைத்தன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் 15 என்ற அதே எல்லையையே கொள்கின்றது. கண்டியின் கடைத்தெருக்களிலே நான்கு பேரும் ஆறு பேரும் பணிபுரியும் கடைகள் எத்துணை என்பதை அவ்வீதிகளில் நடந்தோர் அறிவர். எவருக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ அவருக்கே அது குறைவு.

இவ்வெல்லை தொழிற்சங்கத்தின் எல்லையுமாகும். நூறு எழுதுவினைஞர் ஒருங்கே இருந்த கம்பனியிற் சங்கக் கிளை அமைப்பது எளிது. நான்கு பேர் உள்ள கடையில் ஒருவன் சங்கத்திற் சேர்ந்தால் அன்று மாலையே முதலாளிக்குத் தெரிந்துவிடும். குடியுரிமை அற்றிருந்தவனுக்கு அச்சம் இரட்டிப்பு. தீர்வு கடைக்குக் கடை அமைப்பதன்று. வீதி தழுவியும் நகர் தழுவியும் அமைத்தலே. தேசிய மட்டத்திலான சங்கம் என்பதன் உண்மைப் பொருள் இதுதான். தன் முதலாளியின் முன் தனியே நிற்க முடியாதவனுக்கு, அம்முதலாளியை அறியாத ஆயிரம் பேர் துணைநிற்பது. இப்பணியில் நமது வர்த்தக ஊழியர் இயக்கம் போதிய அளவு முன்செல்லவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதன் வேர்கள் கொழும்பிலும், அதன் பழக்கங்கள் பெருங் கம்பனிகளிலும் இருந்தன.

இவ்வெற்றிடத்தின் விலையைக் கண்டி மீண்டும் மீண்டும் செலுத்தியது. 1983 யூலையில் கண்டி நகரிலே தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. 1915 முதல் நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தொடர்ச்சியில், எரிந்த கடையை நாம் அதன் உரிமையாளரின் இனத்தாலேயே அடையாளங் காண்கின்றோம். அக்கடையில் வேலை செய்தவரின் கணக்கை எவரும் எடுப்பதில்லை. முதலாளிக்குச் சில வேளைகளில் நட்டஈடோ காப்புறுதியோ உண்டு. சிப்பந்திக்கு மறுநாள் போவதற்கு இடமில்லை. அவன் எவ்வினத்தவனாயினும் அதுவே நிலை. கடைத்தெருவின் ஊழியர் இனங்கடந்து ஒரே சங்கத்தில் இருந்திருப்பின் கலவரங்கள் நடந்தே இரா என்று நாம் வாதிடவில்லை. வன்முறையின் வேர்கள் அரசிலும் அதிகாரத்திலும் உள்ளன. ஆனால், தன் கடைக்கு எதிர்ப்புறத்திலுள்ள கடையிற் பணிபுரிபவனைச் சங்கக் கூட்டத்தில் 'தோழர்' என்றழைத்துப் பழகியவன் அக்கடைக்குத் தீ வைக்கப்படுவதைப் பார்த்திருக்கத் தயங்குவான். அத்தயக்கம் பெரிது.

7

இன்று கடைத்தெரு மாறி வருகின்றது. 2005இல் திறக்கப்பட்ட கண்டி நகர மையம் போன்ற பேரங்காடிகளும், நாடெங்கும் கிளை பரப்பிய சுப்பர் மார்க்கெட்டுகளும், முன்பு நூறு கடைகளிற் சிதறிக் கிடந்த ஊழியரை ஒரே கூரையின் கீழும் ஒரே கம்பனியின் கீழும் கொண்டு வருகின்றன. சீருடை அணிந்த இவ்விளைஞரும் யுவதிகளும் முதலாளியை 'மாமா' என்று அழைப்பதில்லை. அவரை அவர்கள் காண்பதுமில்லை. உறவுமுறையின் திரை விலகிவிட்டது. 2016இல் நிறைவேறிய தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதமொன்றுக்கு 10,000 ரூபா எனத் தொடங்கிப் பின்னர் திருத்தப்பட்டது. 1999ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, ஊழியருள் 40 வீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது முறையற்ற தொழில் நடைமுறையாகும். 1928இல் எழுதுவினைஞர் சங்கம் அமைப்பதற்கிருந்த புறநிலைமை, கடை ஊழியருக்கு இன்றுதான் வாய்த்துள்ளது. புறநிலைமை தானாகச் சங்கம் ஆவதில்லை; அதற்கு அகநிலை உணர்வும் வேண்டும்.

அவ்வுணர்வுக்கு வரலாற்றறிவு துணைபுரியும். சங்கக் கிளைகளின் கூட்ட அறிக்கைகள், பழைய கடைகளின் பேரேடுகள், தொழில் நியாய சபைத் தீர்ப்புகள், ஓய்வுபெற்ற சிப்பந்திகளின் வாய்மொழி என்பன இன்னமும் எஞ்சியுள்ளன. அவற்றை எவரும் முறையாகத் திரட்டவில்லை. பேராதனைக்கும் கண்டிக் கடைத்தெருவுக்குமிடையே தூரம் நான்கு மைல். தமிழ்ச் சங்கமும் அதன் மாணவரும் அத்தூரத்தை நடந்து சென்று, மூன்று மொழிகளிலும் கேட்டெழுதும் பணியைத் தொடங்குவார்களாயின், பட்டினப்பாலை முதலாக நமது இலக்கியம் பெயர் சொல்லாது விட்ட ஒருவருக்கு அவரது பெயர் கிடைக்கும்.